நெற்றியில் ஒரே குண்டு

வைடன்பாக்,
4 பிப்ரவரி 1917

அன்புள்ள தம்பி கிலியனுக்கு,

அக்கா ஒட்டிலி எழுதுவது. அம்மா, க்விரின், நான் மூவரும் சுகம். உன் சுகத்துக்காக அம்மா ஞாயிறுதோறும் மாதா பீடத்தில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறாள், மெழுகு கிடைக்கிற ஞாயிறுகளில்.

உருளைக்கிழங்கு ஊரிலேயே இல்லை. மாட்டுக்குப் போடும் டர்னிப்தான் மூன்று வேளையும். நேற்று க்விரின் மேசையில் உட்கார்ந்து மாடு மாதிரியே கத்தினான். அம்மா கரண்டியால் ஒன்று வைத்தாள். பதினெட்டு வயதுப் பிள்ளையை அடிக்கிறாயே என்றால், "மாடு கத்தினா அடிக்கத்தான் செய்வாங்க" என்கிறாள்.

நீ படையணித் தலைவன் ஆன செய்தி தெரு முழுக்கப் பரவிவிட்டது. போருக்குப் போனபோது சாதாரணச் சிப்பாய், அடுத்த வருஷம் லெஃப்டினென்ட், இப்போது நூற்றைம்பது பேருக்குத் தலைவன். அச்சுக்கூடத்தில் மையைக் கொட்டிவிட்டு என் மேல் பழி போட்ட பயலுக்கு இந்த வாழ்வு. ஆனால் அந்த இடத்தில் முன்பு இருந்த கேப்டன் எங்கே போனார் என்று நீ எழுதவே இல்லை.

இன்னொரு விஷயம். இறந்தவர்களின் நினைவு அட்டையை நம் கடையில்தான் அச்சடிக்கிறார்கள். படம், பிறந்த நாள், இறந்த விதம், ஒரு ஜெபம். ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்கிற அளவு. இறந்த விதம் தெரியவேண்டும் என்று குடும்பத்தார் நீ அனுப்பிய கடிதத்தையே கொண்டுவந்து தருகிறார்கள். போன மாதம் மட்டும் நான்கு கடிதங்கள். நான்கிலும் ஒரே வரி: "நெற்றியில் ஒரே குண்டு, வலி அறியாமல் போனார்." ஏனடா, எதிரிக்கு நெற்றி தவிர வேறு இடமே தெரியாதா? அந்த வரியின் ஈய எழுத்துகளைக் கலைக்காமல் நூலால் கட்டித் தனியாக வைத்துவிட்டேன். பெயரை மட்டும் மாற்றிக்கொள்கிறேன். வேலை மிச்சம்.

விளையாட்டாகக் கேட்கவில்லை, கிலியன். நான்கு பேருக்கும் அப்படித்தானா?

ஏப்ரலில் க்விரினுக்குப் படையில் சேர அழைப்பு வரும். அம்மா மனதில் ஏதோ ஓடுகிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் அக்கா,
ஒட்டிலி

*

போர்முனை,
19 பிப்ரவரி 1917

அன்புள்ள அக்கா,

நான் சுகம். கால் விரல்கள் பத்தும் இருக்கின்றன, எண்ணிப் பார்த்துவிட்டேன். அம்மா முழங்கால் வலி எப்படி?

இங்கே எலிகள் எங்களைவிடக் கொழுத்துத் திரிகின்றன. ஒன்றுக்கு என் ஆட்கள் நம் நகரத் தலைவரின் பெயரை வைத்திருக்கிறார்கள். வயிறு அப்படி.

கேப்டன் மாற்றலாகிப் போனார் என்று வைத்துக்கொள்.

கடிதங்களைப் பற்றிக் கேட்டாய். தோட்டாப் பெட்டியின் மேல் தாளை வைத்து, பென்சிலால் எழுதுகிறேன். நடை அழகுக்கு நேரமில்லை. நீ திருத்தம் போடாமல் அப்படியே அச்சடி.

அம்மா மனதில் ஓடுவது என்ன? உடனே எழுது.

உன் தம்பி,
கிலியன்

*

வைடன்பாக்,
12 மார்ச் 1917

அன்புள்ள தம்பிக்கு,

வீட்டில் யாருக்கும் காய்ச்சல் இல்லை. அம்மாவின் முழங்கால் மட்டும் மழை வருவதைச் செய்தித்தாளுக்கு முன்னால் சொல்லிவிடுகிறது.

நீ கேட்டதற்குப் பதில். க்விரினை உன் படையணியில் சேர்த்துவிட வேண்டும் என்று அம்மா ஒற்றைக்காலில் நிற்கிறாள். புகையூட்டிக் கூரையில் தொங்கவிட்டிருந்த கடைசிப் பன்றித்தொடையை நினைவிருக்கிறதா? ஈஸ்டருக்கென்று வைத்தது. அதைத் துணியில் சுற்றி வைத்திருக்கிறாள், ஆள்சேர்ப்பு அலுவலகக் குமாஸ்தாவுக்காக.

"சும்மா இரும்மா, யார் கண்ணுலயாவது பட்டா?" என்றேன்.

"பட்டா என்னடி? அண்ணன் கண்ணெதிர்ல தம்பி இருந்தா எனக்குத் தூக்கம் வரும். ஊர் பேர் தெரியாத எவனோ ஒருத்தன் என் பிள்ளையை 'முன்னாடி போடா'ன்னு விரட்டுறதுக்கா பெத்தேன்? கிலியன் விரட்ட மாட்டான்."

க்விரினுக்கோ தலைகால் புரியவில்லை. "அண்ணன் என்னைத் தன் பதுங்குகுழியிலயே வெச்சுப்பார், சூப் கொதிக்கவைக்கச் சொல்வார்" என்று தெருவெல்லாம் சொல்லித் திரிகிறான். உனக்குச் சம்மதம்தானே? அம்மா அடுத்த மாதத் தொடக்கத்தில் போகிறாள். அதற்குள் உன் பதில் வந்துவிடும்.

ஆண்டவர் உன்னைக் காக்கட்டும்.
ஒட்டிலி

*

போர்முனை,
20 மார்ச் 1917

அக்கா,

நான் சுகம். இன்று வேறு எதுவும் விசாரிக்க நேரமில்லை.

அம்மாவைப் போகவிடாதே. அவளைக் கதவுக்குள் போட்டுப் பூட்டினாலும் சரி. க்விரின் பீரங்கிப் படைக்குப் போகட்டும், ரயில் பாதை வேலைக்குப் போகட்டும், குதிரைக்குச் சாணி அள்ளட்டும். என்னிடம் மட்டும் வரக்கூடாது.

ஏன் என்று கேட்காதே. இங்கே நான் யாருக்கும் அண்ணன் இல்லை. அவ்வளவுதான் எழுத முடியும். அவன் வந்தால் நான் அவனைப் பார்க்கும் ஒவ்வொரு பார்வையையும் நூற்றைம்பது பேர் அளந்துகொண்டிருப்பார்கள்.

பன்றித்தொடையை நீங்களே சாப்பிடுங்கள்.

கிலியன்

*

வைடன்பாக்,
29 ஏப்ரல் 1917

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலமாகத்தான் இருக்கிறோம். எழுதும்போதே கை கூசுகிறது.

உன் மார்ச் மாதக் கடிதம் இன்று காலையில்தான் வந்தது. உங்கள் பகுதியிலிருந்து ஐந்து வாரம் தபாலையே வெளியே விடவில்லையாம், தபால்காரர் சொன்னார். அம்மா போய் மூன்று வாரம் ஆகிறது. குமாஸ்தா துணியைப் பிரித்து மோந்துபார்த்துவிட்டு, "தாயோட ஆசையை அரசாங்கம் மதிக்கணும்மா" என்றானாம். உத்தரவு கையெழுத்தாகிவிட்டது. பயிற்சி முடிந்ததும் க்விரின் உன்னிடம் வருவான். மறுபடி போய் மாற்றிக் கேட்க நம்மிடம் தொடையும் இல்லை, தைரியமும் இல்லை.

உன் கடிதத்தை அம்மாவிடம் காட்டவில்லை. இரண்டு வருஷத்துக்குப் பிறகு இப்போதுதான் நிம்மதியாகத் தூங்குகிறாள். அதை நான் கெடுக்க மாட்டேன். மேசை இழுப்பறையில் பழைய புரூஃப் தாள்களுக்கு அடியில் வைத்துவிட்டேன்.

நீ என்ன சொல்ல வந்தாய் என்று பாதி புரிகிறது. மீதிப் பாதி புரிய வேண்டாம் என்று தோன்றுகிறது.

அவனைப் பார்த்துக்கொள். வேறு என்ன எழுத?
ஒட்டிலி

*

போர்முனை,
15 ஆகஸ்ட் 1917, மாதா விண்ணேற்பு நாள்

அன்புள்ள அம்மாவுக்கும் அக்காவுக்கும்,

திருநாள் வாழ்த்துகள். கோவிலில் பூங்கொத்து மந்திரித்தாயிற்றா? நாங்கள் இருவரும் சுகம். ஆமாம் அம்மா, இருவரும்.

உன் மகன் நேற்று வந்து சேர்ந்தான். என்னைப் பார்த்ததும் விறைப்பாக நின்று, "சிப்பாய் ஸாண்ட்னர் க்விரின், லெஃப்டினென்ட் ஐயா!" என்று தொண்டை கிழியக் கத்தினான். பின்னாலேயே மெதுவாக, "ஐயா, அக்கா காலுறை அனுப்பியிருக்கா, சாம்பல் கலர், ரொம்பக் குத்துது" என்றான். வரிசையே சிரித்தது. எதிர்வீட்டு ஆல்பன், பீப்பாய் செய்யும் ரவ் வீட்டுப் பையன், அவனும் என் ஆள்தான், சிரித்துச் சிரித்து இருமினான்.

செய்தி கொண்டு ஓடும் வேலையில் அவனை என் குழியிலேயே வைத்துக்கொண்டிருக்கிறேன். ஓட வேண்டிய செய்திகளும் அதிகமில்லை. நீ கவலைப்படாதே.

உங்கள் கிலியன்

அம்மா, நான் க்விரின். அண்ணன் இந்த மூலையை எனக்குக் கொடுத்துவிட்டார். இங்கே ஜாம் கிடைக்கிறது! டர்னிப் ஜாம்தான். ஆட்கள் அண்ணனுக்குப் பயப்படுகிறார்கள், ஆனால் அவர் இல்லாதபோதும் திட்டுவதில்லை. நான் சூப் வைத்தேன், "இதை எதிரிக்கு அனுப்பிடு, போர் முடிஞ்சிரும்" என்று சொல்லிவிட்டு முழுவதையும் குடித்தார். முத்தங்கள்.

*

போர்முனை,
3 அக்டோபர் 1917

அன்புள்ள அம்மா,

உனக்கு இதை நானே எழுத வேண்டியிருக்கிறது. நம் க்விரின் செப்டம்பர் 30 அன்று ரோந்துப் பணியில் இறந்துவிட்டான். நெற்றியில் ஒரே குண்டு. வலி அறியாமல் போனான். படையணியில் எல்லாரும் அவனை நேசித்தார்கள். உடலைக் கொண்டுவந்து, குருவானவரை வைத்து முறைப்படி அடக்கம் செய்தோம். கல்லறையின் எண்ணைப் பிறகு அனுப்புகிறேன்.

அக்கா, அம்மாவைத் தனியே விடாதே.

கிலியன்

*

வைடன்பாக்,
2 நவம்பர் 1917, இறந்தோர் நினைவு நாள்

கிலியன்,

அம்மா உயிரோடு இருக்கிறாள். சாப்பிடச் சொன்னால் சாப்பிடுகிறாள். உன்னைப் பற்றி விசாரிக்க முறைப்படி ஏதாவது எழுத வேண்டும், வரவில்லை.

க்விரினின் அட்டையை நான்தான் அச்சுக் கோத்தேன். வேறு யார் இருக்கிறார்கள்? படத்துக்கு, சிறுவயதில் எடுத்த முதல் நற்கருணைப் படம்தான் இருந்தது. சீருடையில் எடுக்கவே இல்லையே. அந்த வரிக்கு வந்தபோது, நூல் கட்டி வைத்திருந்ததை எடுத்தேன். இதுவரை இருபத்துமூன்று வீடுகளுக்கு அதை அச்சடித்திருக்கிறேன். என் தம்பி பெயருக்குக் கீழே வைக்க என்னால் முடியவில்லை. நூலை அறுத்து, எழுத்து எழுத்தாகக் கலைத்துப் போட்டுவிட்டேன். அட்டையில் "போரில் இறந்தான்" என்று மட்டும் இருக்கிறது.

அம்மா அந்த அட்டையை வாங்கிப் பார்த்தாள். "ஒரு வரி குறையுதே" என்றாள். இடம் பத்தவில்லை என்றேன்.

போன வாரம் மாவட்டச் செய்தித்தாளில் உன் பெயர் வந்தது. பதவி உயர்வு, இரும்புச் சிலுவைப் பதக்கம் முதல் வகுப்பு, "செப்டம்பர் இறுதியில் காட்டிய உறுதிக்காக". அண்டைவீட்டார் வாழ்த்துச் சொல்ல வந்தார்கள். செப்டம்பர் இறுதியில் நீ என்ன உறுதி காட்டினாய், கிலியன்? அதே நாட்களில்தானே அவன் செத்தான்?

அந்த இருபத்துமூன்று வீடுகளுக்கும் நீ எழுதியது பொய்யாக இருக்கட்டும். அது உன் வேலை. நான் உன் அக்கா. உன் மூக்கைச் சிந்திவிட்டவள். எனக்கு உண்மையை எழுது. அவன் எப்படிச் செத்தான்?

ஒட்டிலி

*

போர்முனை,
6 ஜனவரி 1918, மூன்று ராஜாக்கள் திருநாள்

அன்புள்ள அக்கா,

சுகமாக இருக்கிறேன். அதுதான் கொடுமை.

இதைத் தபாலில் போடவில்லை. விடுமுறையில் வரும் ஆளிடம் கொடுத்தனுப்புகிறேன். நான்கு முறை எழுதிக் கிழித்தேன். அம்மா கண்ணில் படக்கூடாது.

நான் ஏறிய ஒவ்வொரு படியிலும் எனக்கு முன்னால் ஒருவர் நின்றிருந்தார். அவர் விழுந்த பிறகு நான் ஏறினேன். கேப்டன் மாற்றலாகிப் போகவில்லை. முள்கம்பிக்கு அப்பால் கிடந்த ஒரு காயம்பட்டவனைத் தூக்கப் போனார். அவரோடு போனவர்கள் ஐந்து பேர். ஒருவனுக்காக ஆறு பேர் செத்தார்கள். அதனால் நான் தலைவனானதும் ஒரு விதி போட்டேன்: வெளியே விழுந்தவனைத் தூக்க இரண்டு பேர்தான் போகலாம். அவர்களும் விழுந்தால் மூன்றாவது ஆள் போகக்கூடாது. விதி நான் போட்டது, அக்கா. வசந்த காலம் முழுக்க அதைக் கடைப்பிடித்தோம். பல வீடுகளில் அதனால்தான் இன்று பிள்ளைகள் இருக்கிறார்கள். சில வீடுகளுக்கு நான் அந்த வரியை எழுதினேன்.

க்விரினை ஆறு வாரம் குழியிலேயே வைத்திருந்தேன். ஆட்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். "தலைவர் தம்பிக்கு மட்டும் குடை" என்று ஒருவன் அவன் காது படச் சொன்னான். அன்று வந்து என் முன்னால் நின்றான். "என்னையும் அனுப்புங்கண்ணா. இவங்க மூஞ்சியில முழிக்க முடியல." ஒரே ஒரு ரோந்து, அமைதியான பகுதி என்று அனுப்பினேன். 28ஆம் தேதி.

திரும்பும்போது வயிற்றில் பட்டது. எங்கள் கம்பிக்கு அப்பால் நாற்பது மீட்டர். நம் கடை வாசலிலிருந்து நீரூற்று வரை. காயம்பட்டவர்களைத் தூக்கும் இருவர் போனார்கள். இருவரும் அங்கேயே விழுந்தார்கள். அவர்கள் அட்டைகளையும் நீதான் அடித்திருப்பாய்.

ஆல்பன் ஏறிப் போகப் பதுங்குகுழி விளிம்பில் கால் வைத்துவிட்டான். "நான் போறேன், ஐயா. நம்ம தெருப் பையன், ஐயா." அவனுக்குப் பின்னால் இன்னும் நான்கு பேர். துப்பாக்கியை எடுத்து அவர்களுக்கு எதிரே நின்றேன். இறங்காவிட்டால் சுடுவேன் என்றேன். சுட்டிருப்பேன். ஆல்பன் என் முகத்தில் துப்பினான். இறங்கினான்.

நீயே ஏன் போகவில்லை என்று கேட்பாய். தலைவன் போகக்கூடாது, நூற்றைம்பது பேரை விட்டுவிட்டுப் போகக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மைதான். பயமும் இருந்தது. எது எவ்வளவு என்று இன்றைக்கும் தெரியவில்லை.

இரண்டு நாள் இருந்தான், அக்கா. குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. மூன்றாம் நாள் விடிந்தபோது கேட்கவில்லை. அன்று மூடுபனியில் நானே போய்த் தூக்கி வந்தேன். கனமே இல்லை.

படைத்தலைமையிலிருந்து ஒரு பெரியவர் வந்து சிலுவையைக் குத்திவிட்டுக் கை குலுக்கினார். உறுதி என்றார்.

இனி நீ எனக்கு எழுத வேண்டும் என்று எதிர்பார்க்க மாட்டேன்.

கிலியன்

*

வைடன்பாக்,
3 மார்ச் 1918

என் மகன் கிலியனுக்கு,

அம்மா எழுதுகிறேன். எழுதிப் பழக்கம் விட்டுப்போனது, பொறுத்துக்கொள். ஒட்டிலி பூசைக்குப் போயிருக்கிறாள். முழங்கால் வலி என்று நான் போகவில்லை. வலி இல்லை.

ஜனவரியில் உன்னிடமிருந்து அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. அன்றிலிருந்து அவள் உனக்கு எழுதவில்லை என்று எனக்குத் தெரியும். தினமும் உட்காருகிறாள், தேதி போடுகிறாள், தாளை அடுப்பில் போடுகிறாள். உன்னை வெறுக்கிறாள் என்று நினைத்துக்கொள்ளாதே. இரவில் உன் பழைய சட்டையைத்தான் போர்த்திக்கொள்கிறாள். அந்தக் கடிதத்தை நான் படிக்கவில்லை. தேவைப்படவில்லை.

பிப்ரவரியில் எதிர்வீட்டு ஆல்பன் ஒரு கால் இல்லாமல் ஊருக்கு வந்தான். மறுநாளே கட்டையை ஊன்றிக்கொண்டு நம் அடுக்களைக்கு வந்தான். பார்லிக் காப்பி கொடுத்தேன். குடிக்கவில்லை. "அம்மா, உங்க மகன் என்னைச் சுடுறதுக்கு நின்னாரு. அன்னைக்கு அவர் தடுக்காம விட்டிருந்தா நான் செத்திருப்பேன். நான் அவர் முகத்துல துப்பிட்டேன்மா. அவரை மன்னிக்கச் சொல்லுங்க" என்று அழுதான். எல்லாவற்றையும் சொன்னான்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு காலை இழந்த பிள்ளையாவது அவன் அம்மாவுக்கு இருக்கிறான் என்று பொறாமைப்பட்டேன். பாவம் என்று தெரியும். பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். குருவானவர் மூன்று செபம் சொல்லச் சொன்னார். சொல்லியும் போகவில்லை.

போன வருஷம் மார்ச்சில் க்விரினை அனுப்ப வேண்டாம் என்று நீ எழுதிய கடிதத்தையும் புரூஃப் தாள்களுக்கு அடியில் பார்த்துவிட்டேன். ஒட்டிலிக்குத் தெரியாது, நீயும் சொல்லாதே. தபால் தாமதமாக வந்ததால்தான் இப்படி ஆனது என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் உண்மை அது இல்லை, கிலியன். நேரத்துக்கு வந்திருந்தாலும் நான் போயிருப்பேன். பிள்ளையை உன்னிடம் கொண்டுவந்து சேர்த்தவள் நான். அவனைத் தூக்கப் போகாதே என்று யாரோ ஒரு அந்நியன் சொல்லியிருந்தால், அவனைச் சபித்துவிட்டு ஆயுசு முழுக்க வாழ்ந்திருப்பேன். இப்போது சபிக்க ஆள் இல்லை. எனக்கு மீதமிருப்பவன் நீ ஒருவன்தான்.

ஈஸ்டருக்கு விடுமுறை கேள். வா. சீருடையைக் கழற்றிவிட்டு அப்பா விட்டுப்போன கோட்டைப் போட்டுக்கொள். யாரும் உன்னை எதுவும் கேட்க விடமாட்டேன்.

நான் மட்டும் ஒன்று கேட்பேன். ஆல்பனிடம் கேட்டேன், அவன் தொப்பியைத் திருகிக்கொண்டே இருந்தான். அந்த இரண்டு நாளும் என் பிள்ளை யாரைக் கூப்பிட்டான்? இதை எழுதாதே. வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து சொல்.

கஞ்சியாவது சூடாகக் குடி.
உன் அம்மா

*

போர்முனை,
18 மார்ச் 1918

அன்புள்ள அம்மா,

உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் கடிதம் நேற்று வந்தது. சட்டைக்குள் வைத்திருக்கிறேன்.

எல்லாருடைய விடுமுறையும் ரத்தாகிவிட்டது. ஏன் என்று எழுத அனுமதியில்லை. சாலை முழுக்கப் பீரங்கிகள் போய்க்கொண்டிருக்கின்றன. ஈஸ்டருக்கு வர முடியாது. அதற்குப் பிறகும் வருவேன் என்று உனக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன். உனக்கு ஒருமுறை பொய் எழுதினேன், இனி எழுதமாட்டேன்.

ஆல்பனிடம் சொல், நான் எப்போதோ மன்னித்துவிட்டேன். அக்காவிடம் சொல், அவள் எழுதாததில் எனக்குக் கோபமில்லை.

நேரில் கேட்க வேண்டும் என்றாய். நேரில் சொல்ல எனக்கு நாள் கிடைக்காமல் போகலாம். நீ தெரியாமலே இருந்துவிடக்கூடாது. அதனால் எழுதுகிறேன், உட்கார்ந்துகொண்டு படி.

முதல் நாள் முழுக்க என்னைத்தான் கூப்பிட்டான், அம்மா. நான் வரமாட்டேன் என்று தெரிந்த பிறகுதான் உன்னைக் கூப்பிட்டான்.

உன் மகன்,
கிலியன்